கண் பார்த்துக் கை பிடிக்கும் நேரம்

(நடுநிலைப் பள்ளி ஒன்றில் கூடிய பெற்றோர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)

 

சுகாதார இலாகாவிலிருந்து ஆள் வந்தால் தடுப்பூசி, குடிதண்ணீர், கக்கூஸ் இவற்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அவற்றுக்கு வேறு நாள் இருக்கிறது. இன்றைக்கு என் கையில் இருப்பது ஒரு ஸ்கேல். உங்கள் பிள்ளைகளின் புத்தகப் பையில் இருக்கிற அதே முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல்தான். இதை வைத்து நாம் நீளத்தை அளக்கப் போவதில்லை. நேரத்தை அளக்கப் போகிறோம். அதுவும் கடிகாரத்தில் பார்க்க முடியாத அளவுக்குச் சின்ன நேரத்தை.

முதலில் ஒரு பந்தயம் வைத்துக்கொள்வோம். இதோ ஒரு நூறு ரூபாய் நோட்டு. 2018-இல் வெளிவந்த ஊதா நிற நோட்டு, நீளம் 142 மில்லிமீட்டர். இதை நான் மேல்முனையில் பிடித்துத் தொங்க விடுகிறேன். எதிரில் நிற்பவர் தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நோட்டின் நடுப்பகுதிக்கு இரண்டு பக்கமும், தொடாமல், விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லாமல் கொள்ளாமல் விடுவேன். பிடித்தால் நோட்டு உங்களுக்கு. வாங்கய்யா, தைரியமாக வாங்க... பார்த்தீர்களா, போய்விட்டது. அடுத்தவர் வாங்க. அதுவும் போச்சு.

என் நூறு ரூபாய் பத்திரமாக இருப்பதற்குக் காரணம் எளிமையானது. விரலுக்கு மேலே பாதி நோட்டு, அதாவது ஏழு சென்டிமீட்டர்தான் இருக்கிறது. ஒரு பொருள் ஏழு சென்டிமீட்டர் விழுவதற்கு ஆகும் நேரம் 0.12 விநாடி. ஆனால் நம் கண் பார்த்து, மூளை அறிந்து, கைக்கு உத்தரவு போய், விரல் மூடுவதற்குச் சாதாரணமாக 0.2 விநாடி வேண்டும். விரல் மூடும்போது நோட்டு அங்கே இல்லை. யாராவது பிடித்துவிட்டால், அவர் பார்த்துப் பிடித்தவர் அல்ல. ஊகம் செய்து, நான் விடுகிற அதே தருணத்தில் விரலை மூடியவர். அதிர்ஷ்டசாலி, அவ்வளவுதான்.

இந்த 0.2 விநாடியை எதிர்வினை நேரம் என்று சொல்கிறோம். பேச்சு முழுவதும் இந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

அந்த நேரத்துக்குள் உடம்பில் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். நோட்டு அசைவதைக் கண்ணின் பின்னாலுள்ள விழித்திரை வாங்குகிறது. அங்கிருந்து செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. அதுவும் நெற்றிப் பக்கம் இல்லை, பின்மண்டைக்குப் போகிறது. பார்வை தெளிவது அங்கேதான். பிறகு மூளையின் வேறு பகுதிகள் "விழுகிறது, பிடி" என்று தீர்மானிக்க, உத்தரவு தண்டுவடத்தில் இறங்கி, தோள், முழங்கை, முன்கை என்று வந்து, தசை சுருங்கி, விரல் மூடுகிறது. நம் தாலுகா ஆபீசில் ஒரு மனு மேசை மேசையாகப் போவதைப் போலத்தான். ஆனால் அங்கே ஆகிற நாள் கணக்கு இங்கே இல்லை.

நரம்பில் செய்தி போக நேரம் ஆகும் என்பதே மனிதனுக்கு வெகுகாலம் தெரியாது. நினைத்த மாத்திரத்தில் கை அசைகிறது என்றே எல்லோரும் எண்ணினார்கள். அந்த வேகத்தை அளக்கவே முடியாமல் போகலாம் என்று பெரிய உடலியல் அறிஞர்களே எழுதி வைத்தார்கள். 1850-இல் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற அறிஞர் தவளைக் காலின் நரம்பை வைத்துச் சோதித்து, விநாடிக்கு முப்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில்தான் செய்தி போகிறது என்று கண்டுபிடித்தார். மனிதர் கைநரம்பில் இது விநாடிக்கு ஐம்பது, அறுபது மீட்டர். வேகமாக ஓடுகிற எக்ஸ்பிரஸ் ரயிலைவிட அதிகம்தான்; மின்சாரக் கம்பியோடு ஒப்பிட்டால் நடை வண்டி.

இங்கே ஒரு சந்தேகம் வரும். தோசைக்கல்லில் கை பட்டால் சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறோமே, அதற்கும் இவ்வளவு நேரம் ஆகுமா என்று ஒரு தாயார் கேட்கலாம். நல்ல கேள்வி. அது வேறு வழி. சூடு பட்ட செய்தி தண்டுவடத்துக்குப் போனதுமே அங்கிருந்தே "இழு" என்று உத்தரவு திரும்பி விடுகிறது. மூளைக்குச் செய்தி போய் "ஐயோ, சுடுதே" என்று தெரிவது கை வந்த பிறகுதான். அதை அனிச்சைச் செயல் என்பார்கள். அதில் யோசனை கிடையாது. ஸ்கேலைப் பிடிப்பதிலும், ரோட்டில் பிரேக் போடுவதிலும் மூளை கலந்துகொள்கிறது. அதனால்தான் தாமதம், அதனால்தான் மூளையைக் களைப்பாக்குகிற ஒவ்வொன்றும், கவனத்தைக் கலைக்கிற ஒவ்வொன்றும் இந்த நேரத்தை நீட்டிவிடுகிறது.

வீட்டில் செய்து பார்க்கும் முறை

இரண்டு பேர் வேண்டும். பிடிப்பவர் ஒரு மேசை ஓரத்தில் முன்கையைக் கிடத்தி, மணிக்கட்டு மட்டும் வெளியே நீட்டியிருக்குமாறு உட்கார வேண்டும். கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டால் ஸ்கேலைத் துரத்திக்கொண்டு கையும் கீழே இறங்கும்; அளவு கெட்டுப் போகும். மேசை இல்லாத வீட்டில் திண்ணை ஓரம் போதும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். விடுபவர் ஸ்கேலின் முப்பது என்ற முனையை மேலே பிடித்து, பூஜ்யம் என்ற கோடு பிடிப்பவரின் கட்டைவிரல் மேல்விளிம்புக்கு நேராக இருக்குமாறு தொங்கவிட வேண்டும். ஸ்கேல் விரலைத் தொடக்கூடாது. பிடிப்பவர் விடுபவரின் முகத்தைப் பார்க்காமல் ஸ்கேலையே பார்க்க வேண்டும். ஏனென்றால் விடப்போகிறவன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகள் இதில் மகா கெட்டிக்காரர்கள்.

"தயார்" என்று சொல்லிவிட்டு, ஒரு தடவை உடனே, ஒரு தடவை நாலு எண்ணி, ஒரு தடவை இரண்டு எண்ணி என்று மாற்றி மாற்றி விட வேண்டும். ஒரே தாளத்தில் விட்டால் அது தாளம் பிடிக்கிற சோதனையாகிவிடும். பிடித்ததும் கட்டைவிரலின் மேல்விளிம்பில் என்ன எண் வருகிறதோ அதை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். முதல் மூன்று தடவை பழக்கத்துக்கு என்று விட்டுவிடுங்கள். அப்புறம் பத்து தடவை. பத்து எண்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, நடுவில் வருவதை எடுத்துக்கொண்டால் போதும். சராசரி போடலாமே என்று கணக்கு ஆசிரியர் கேட்பார். போடலாம். ஆனால் ஒரு தடவை பிள்ளை பராக்குப் பார்த்து ஸ்கேலையே விட்டுவிட்டால் சராசரி தாறுமாறாகிவிடும். நடு எண் அப்படி அசையாது.

இனி சென்டிமீட்டரை விநாடியாக்க வேண்டும். 5 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.10 விநாடி. 10 சென்டிமீட்டர் என்றால் 0.14. 15 என்றால் 0.17 அல்லது 0.18. 20 என்றால் 0.20. 25 என்றால் 0.23. முழு ஸ்கேலும் ஓடி 30-இல் பிடித்தால் 0.25. இதைப் பள்ளிச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 5 சென்டிமீட்டருக்கு 0.10 விநாடி என்றால் 20 சென்டிமீட்டருக்கு அதைப்போல் நாலு மடங்கு ஆகவேண்டும் அல்லவா? ஆகவில்லை, இரண்டு மடங்குதான் ஆகிறது. விழுகிற பொருள் விழ விழ வேகம் கூடுகிறது. ஆகவே ஒரு பிள்ளை 10-இலும் இன்னொரு பிள்ளை 20-இலும் பிடித்தால், இரண்டாவது பிள்ளை பாதி சுறுசுறுப்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இருவருக்கும் உள்ள வித்தியாசம் 0.06 விநாடிதான்.

5 சென்டிமீட்டருக்கும் கீழே பிடித்தேன் என்று ஒரு தம்பி சொன்னால் அதை நம்பாதீர்கள். உலக ஓட்டப் பந்தயங்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.10 விநாடிக்குள் ஒருவர் காலை உந்தினால், அவர் சத்தத்தைக் கேட்டு ஓடவில்லை, முந்திக்கொண்டு ஓடினார் என்றே விதிப்படி முடிவு செய்கிறார்கள். உலகத்தின் முதல்தர வீரருக்கே அந்தக் கோடு. நம் தம்பிக்கும் அதுவே இருக்கட்டும்.

ஸ்கேலுக்கு ஆள் பற்றாமல் நிறையப் பிள்ளைகள் இருந்தால், இன்னொரு விளையாட்டும் உண்டு. இருபது பேர் வட்டமாகக் கைகோர்த்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். முதல் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கையை அழுத்த, அந்தப் பிள்ளை அடுத்த கையை அழுத்த, அழுத்தம் சுற்றி வரட்டும். சார் கடிகாரத்தில் நேரம் பார்த்து இருபதால் வகுத்தால் ஒருவருக்கு ஆகும் நேரம் வந்துவிடும். முதல் சுற்றில் சிரிப்பும் குழப்பமுமாக நேரம் எங்கேயோ போகும்; ஐந்தாம் சுற்றில் பாதியாகிவிடும். பிறகு கைக்குப் பதில் அடுத்தவர் தோளை அழுத்தச் சொல்லுங்கள். தோள் மூளைக்குக் கிட்ட இருப்பதால் மொத்த நேரம் இன்னும் கொஞ்சம் குறையும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைக் காலில் செய்ததும் இதே யோசனைதான்: ஒரே நரம்பைக் கிட்டேயும் எட்டேயும் தொட்டு, வித்தியாசத்தைப் பார்த்தார்.

கண்ணுக்குப் பதில் காதை வைத்தும் சோதிக்கலாம். பிடிப்பவர் கண்ணை மூடிக்கொள்ள, விடுபவர் விடும் தருணத்தில் "டக்" என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் எண் குறையும். காது கண்ணைவிட முந்திக்கொள்கிறது. விழித்திரையில் வெளிச்சம் இரசாயன மாற்றமாகி, பிறகு நரம்புச் செய்தியாக மாறுவதற்கு நேரம் பிடிக்கிறது. காதில் அந்த வேலை சீக்கிரம் முடிகிறது.

இந்த எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது?

இப்போது பெற்றோருக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால், நாளைக்கே தெருவில் "எங்க பையன் பன்னிரண்டு, உங்க பையன் இருபத்திரண்டு" என்று பேச்சு நடக்கும். பிள்ளையைப் பார்த்து "மந்தம்" என்று ஒரு வார்த்தை வந்துவிடும். அந்த வார்த்தை ஸ்கேலைவிட வெகுநாள் நிற்கும்.

ஆறு வயதுப் பிள்ளைக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் எதிர்வினை நேரம் ஒன்றாக இருக்காது. சின்னப் பிள்ளைக்கு நேரம் கூடுதலாகத்தான் ஆகும். வளர வளரக் குறைந்து, பதின்வயதின் நடுவில்தான் பெரியவர் அளவை எட்டும். இருபதுகளில் மிகக் குறைவாக இருந்து, பிறகு வயது ஏற ஏற மெள்ளக் கூடும். தாத்தா ஸ்கேலை விட்டுவிட்டால் சிரிக்கக் கூடாது. அண்ணனையும் தம்பியையும் ஒப்பிடக் கூடாது. ஒரு பிள்ளையை, அதே பிள்ளையின் நேற்றைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இப்படி ஒப்பிட்டதால் ஒரு மனிதரின் வேலையே போன கதை உண்டு. இங்கிலாந்தில் கிரீனிச் வானாய்வுக் கூடத்தில் ஒரு நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைத் தாண்டும் நேரத்தை, கடிகார ஓசையைக் கேட்டுக்கொண்டே குறித்து வைப்பது வழக்கம். உதவியாளர் கின்னபுரூக் குறித்த நேரம் தலைவர் மாஸ்கெலின் குறித்ததைவிட ஏறக்குறைய 0.8 விநாடி பின்தங்கியே வந்தது. எச்சரித்தும் மாறவில்லை என்று 1796-இல் அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து பெசல் என்ற ஜெர்மானிய வானியல் அறிஞர் இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, தேர்ந்த வானியல் அறிஞர்களையே ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த இருவருக்கும் ஒத்து வரவில்லை! ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருப்பது மனித இயல்பு என்று அப்போதுதான் விளங்கியது. கின்னபுரூக் சோம்பேறி அல்ல. அவர் கண்ணும் காதும் சேர்ந்து வேலை செய்த விதம் அது.

புத்திக்கும் இதற்கும் முடிச்சுப் போடவும் பார்த்தார்கள். லண்டனில் 1884-இல் நடந்த சுகாதாரப் பொருட்காட்சியில் கால்ட்டன் என்பவர் கூடம் அமைத்து, வந்தவர்களின் பார்வை, செவி, கைபலம் முதலியவற்றை எல்லாம் அளந்தார். அவர் வழியில் வந்தவர்கள் எதிர்வினை நேரத்தை அளந்தால் அறிவை அளந்துவிடலாம் என்று நம்பினார்கள். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களிடம் இதைச் சோதித்து 1901-இல் முடிவு வெளியிட்டபோது, அவர்களுடைய எதிர்வினை நேரத்துக்கும் பரீட்சை மதிப்பெண்ணுக்கும் சம்பந்தம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆகவே ஸ்கேலில் இருபத்தைந்து வாங்கிய பிள்ளையின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். இதுவரை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பிடிக்க முடியாமல் தடுமாறினாலோ, ஒரு கை மட்டும் வெகுவாகப் பின்தங்கினாலோ, சாமான்களைக் கை நழுவ விட்டாலோ, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்கேலைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுவந்தால்தான் பிடிக்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது கண்ணை. பள்ளிச் சிறார் கண் பரிசோதனைக்கு வரும் நாளில் அந்தப் பிள்ளையின் பெயரை ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். முகம் வெளுத்து, எப்போதும் அசதியாக இருக்கும் பிள்ளைக்கு இரத்தச் சோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்கினாளா, ஜன்னல் வழியாக எறிந்தாளா என்று வீட்டில் கேளுங்கள். பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே நல்ல இரும்புச் சத்து இருக்கும்போல் தெரிகிறது!

ஸ்கேலிலிருந்து ரோட்டுக்கு

இவ்வளவும் எதற்குச் சொன்னேன் என்றால், இந்தப் பள்ளிக்கூட வாசலில் பஸ் நிற்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் பஸ்ஸுக்கு முன்புறமாக ஓடித்தான் ரோட்டைக் கடக்கிறார்கள். இன்று காலையில் நானே நின்று பார்த்தேன்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் வருகிறது. ஓட்டுகிறவர் ஸ்கேலைப் பிடிப்பது போல 0.2 விநாடியில் பிரேக் போட்டால் இரண்டு மீட்டரோடு போயிற்று. ஆனால் அவர் அப்படிப் போட மாட்டார், போட முடியாது. ஸ்கேல் விளையாட்டில் ஒன்றைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம். செய்ய வேண்டியதும் ஒன்றுதான். ரோட்டில் எது வரும் என்று தெரியாது. வந்தது நாயா, பிள்ளையா, பறந்த காகிதமா என்று தெரிந்து, பிரேக்கா, ஒதுங்குவதா, ஹாரனா என்று தீர்மானித்து, காலை ஒரு மிதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். தேர்ந்தெடுக்க வேண்டியவை கூடக்கூட நேரமும் கூடும் என்று டச்சு நாட்டு டாக்டர் டாண்டர்ஸ் 1868-லேயே எழுதியிருக்கிறார். எதிர்பாராத இடத்தில் சாதாரண ஓட்டுநருக்கு ஒன்று, ஒன்றரை விநாடி ஆகும். நம் நாட்டில் சாலை போடுகிற பொறியாளர்களுக்காக இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த கணக்கில், பார்த்துப் பிரேக் பிடிக்க 2.5 விநாடி என்றே வைத்திருக்கிறார்கள்.

ஒன்றரை விநாடி என்றே வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே வண்டி 16 மீட்டருக்கு மேல் வந்துவிடுகிறது. நல்ல காய்ந்த தார் ரோட்டில், நல்ல பிரேக்கில், நிற்பதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மீட்டர். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் பிரேக்குக்கு முன் 25 மீட்டர், பிறகு இன்னொரு 25 மீட்டர். இந்தப் பள்ளியின் வகுப்பறைகளை வரிசையாக அடுக்கி நினைத்துப் பாருங்கள்.

இப்போது பிள்ளையின் பக்கம் பாருங்கள். பஸ்ஸுக்கு முன்னால் மறைந்து வரும் பிள்ளை ரோட்டின் நடுவுக்கு வர ஒரு விநாடிகூட வேண்டாம். அந்த ஒரு விநாடியில் ஓட்டுநரின் கால் இன்னும் பிரேக்குக்கே வந்திருக்காது. அவர் நல்லவராக, குடிக்காதவராக, நிதானமாக ஓட்டுகிறவராக இருந்தாலும் இதுதான் கதி. பிள்ளைக்கும் வருகிற வண்டியின் வேகத்தைக் கண்ணால் எடைபோடும் பக்குவம் எட்டு, ஒன்பது வயதில் சரியாக வருவதில்லை. "பார்த்துப் போ" என்று சொல்லி அனுப்பினால் போதாது. பார்த்தாலும் அதற்குத் தெரியாது. ஆகவே பஸ் கிளம்பிப் போகும் வரை ஓரத்தில் நிற்க வேண்டும். ரோடு இரண்டு பக்கமும் திறந்து தெரிந்த பிறகு, பெரியவர் கையைப் பிடித்துக் கடக்க வேண்டும். ஆசிரியர்கள் மாலையில் பத்து நிமிஷம் வாசலில் நிற்பதற்கு முறை போட்டுக்கொள்வதாகத் தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். பெற்றோர் தரப்பிலிருந்தும் தினம் ஒருவர் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓட்டுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம் தருகிறேன். ஸ்கேலைப் பத்து தடவை பிடியுங்கள். பிறகு உங்கள் பிள்ளை உங்களை நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொல்லட்டும். சொல்லிக்கொண்டே இன்னொரு பத்து தடவை பிடியுங்கள். எண் ஏறுவதை நீங்களே பார்ப்பீர்கள். கைபேசியில் பேசிக்கொண்டே வண்டி ஓட்டும்போது நடப்பதும் இதுதான். காதில் ஒயரை மாட்டிக்கொண்டால் கை காலியாகிறதே தவிர, மூளை காலியாவதில்லை. யார் கூப்பிட்டது என்று இரண்டு விநாடி குனிந்து பார்த்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் 22 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம்.

தூக்கம் இன்னொன்று. இரவு ஷிப்ட் முடிந்து வருகிற மில் தொழிலாளிகள் காலையில் ஒரு தடவையும், தூங்கி எழுந்து மாலையில் ஒரு தடவையும் ஸ்கேலைப் பிடித்துப் பாருங்கள். டாக்டர் சொல்ல வேண்டியதை ஸ்கேல் சொல்லும். 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட முடிவின்படி, பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கண்-கை ஒத்துழைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் உள்ளவர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் எல்லை 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே, தூக்கம் கெட்டதால் மட்டும் அந்த எல்லையைத் தாண்டியவர் நிலைக்கு ஒருவர் வந்துவிட முடியும். குடித்தவர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா! சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கிப் போடுகிற பழைய ரக மாத்திரைகளில் பல தூக்கத்தைத் தருபவை. அவற்றைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கலாமா என்று மருந்து கொடுப்பவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

இங்கே வளர்ந்த பையன்களைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினைந்து வயதுப் பையன் ஸ்கேலில் அப்பாவை ஜெயித்துவிடுவான். "எனக்கு ரிஃப்ளெக்ஸ் ஜாஸ்தி, வண்டியைக் கொடு" என்பான். கை வேகம் அவனுக்கு இருப்பது உண்மை. ஆனால் ஆபத்து எங்கிருந்து வரும் என்று முன்கூட்டி ஊகிப்பது அனுபவத்தில் வருவது. வேகத்தைக் கட்டுப்படுத்துகிற நிதானம் மூளையில் இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருப்பது. 0.05 விநாடி அவன் மிச்சம் பிடித்ததை, பத்து கிலோமீட்டர் வேகம் கூட்டி அவனே செலவழித்துவிடுகிறான். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு நிறையாத பிள்ளை சட்டத்துக்கு மாறாக வண்டி ஓட்டிக் குற்றமானால், வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சாவியை எங்கே மாட்டி வைப்பது என்று இன்று இரவே முடிவு செய்யுங்கள்.

நேரத்தைக் குறைக்க முடியுமா?

முடியும், ஆனால் விளம்பரக்காரர்கள் சொல்கிற அளவுக்கு இல்லை. நாலைந்து நாள் ஸ்கேலைப் பிடித்துப் பழகினால் எண் இறங்கும். அதில் பெரும்பங்கு, எப்படித் தயாராக இருப்பது என்று பிள்ளை கற்றுக்கொள்வது. நரம்பின் வேகம் மாறிவிடுவதில்லை. ஒரு கட்டத்துக்குமேல் இறங்காது. இறங்கவில்லையே என்று டானிக் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். இதற்கென்று எந்த டானிக்கும் இல்லை.

பழக்கத்தால் நன்றாக முன்னேறுவது தேர்ந்தெடுத்துச் செய்கிற வேலை. ஸ்கேல் விடுபவர் இரண்டு கையிலும் ஒவ்வொரு ஸ்கேலை வைத்துக்கொண்டு ஏதாவது ஒன்றை மட்டும் விடட்டும். பிள்ளை அந்தப் பக்கத்துக் கையால் மட்டும் பிடிக்கட்டும். முதலில் இரண்டு கையும் மூடும். பிறகு தேறும். இதைத்தான் நம் பெண் குழந்தைகள் அஞ்சாங்கல்லில் செய்கிறார்கள்: மேலே போன கல்லைக் கண் பார்க்க, கை கீழே இருப்பதை வாரி, இறங்கி வருவதையும் பிடிக்கிறது. கிட்டிப்புள்ளும் கபடியும் அப்படியே. அடுத்து என்ன நடக்கும் என்று உடம்பை வைத்து ஊகிக்கப் பழக்குகின்றன. "கல்லாட்டம் ஆடினது போதும், உள்ளே வா" என்று மகளை மட்டும் கூப்பிடுகிற தாய்மார்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, தூக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை இரவில் ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரமாவது. பதினொரு மணி வரை கைபேசியைத் தேய்த்துவிட்டுக் காலையில் ஐந்து மணிக்கு டியூஷனுக்குக் கிளம்புகிற பிள்ளைக்கு, சைக்கிளில் போகும்போதுதான் அந்தப் பாக்கித் தூக்கம் வரும். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். ஒரு வாரம் நேரத்தோடு படுக்க வைத்து, முன்னும் பின்னும் ஸ்கேலால் அளந்து பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். நான் பத்து தடவை சொல்வதைவிட அதன் கையெழுத்தில் அது எழுதின எண்ணை அது நம்பும்.

பேசினது போதும். சார், அந்த இரண்டு மேசைகளையும் முன்னால் இழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு மேசையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், இன்னொன்றில் பெற்றோர்கள். முதலில் வண்டி ஓட்டுகிறவர்கள் வரட்டும். கைபேசியைப் பையில் போட்டுவிட்டு வாருங்கள், ஐயா. அது ஒலிக்கும்போது எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதை இரண்டாவது சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.